டீச்சர் வேலையை விட்டு 38 வயதில் சட்டம் படிக்கலாமா?

கொடுங்கையூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 38, பி.எஸ்சி., பி.எட்., தனியார் மெட்ரிக் பள்ளியில் 13 வருடமாக அறிவியல் எடுக்கிறார். எங்கள் ஏரியா பிள்ளைகளுக்காக நிற்க வேண்டும், அதற்காக எல்.எல்.பி. படிக்க ஆசை, வயது தாண்டிவிட்டதா, வேலையை விடாமல் படிக்க முடியுமா, ஆந்திராவில் வகுப்புக்கே போகாமல் டிகிரி வாங்கலாம் என்கிறார்களே அது சரியா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசியில் "இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடிச்சது வீணாப் போயிடுமோ" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான். நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது: இடைப்பட்ட வருடங்களில் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? நானும் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் 14 வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, 2014-இல், உங்கள் வயதில்தான், சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். 2017-இல் வழக்கறிஞராக என்ரோல் (பதிவு) செய்தேன். ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலும் கெல்லீஸ் சிறார் நீதிக் குழுமத்திலும் என் நாட்கள் கழிகின்றன. வழக்கோடு என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வயதை முதலில் முடித்துவிடுவோம். சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2008-இல் கொண்டுவந்த விதிகளில் மூன்று வருடப் படிப்புக்கு 30 வயது உச்சவரம்பு இருந்தது. 2013-இல் அதை எடுத்தார்கள், 2016-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கதவு திறந்திருந்த சமயத்தில் உள்ளே போனவள் நான். இப்போது தமிழ்நாட்டில் மூன்று வருட எல்.எல்.பி.க்கு வயது வரம்பு இல்லாமல்தான் சேர்க்கை நடக்கிறது. இருந்தாலும் இத்தனை முறை மாறிய விதி என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள். என் வகுப்பில் ரயில்வேயில் ரிடையர் ஆன ஒருவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எங்களை எல்லாம் 'பசங்களா' என்றுதான் அழைப்பார். அங்கே 38 வயது என்பது நடுவயதுகூட இல்லை.

சேர்க்கையை நடத்துவது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத் தரவரிசை, இட ஒதுக்கீட்டின்படி கவுன்சலிங். பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. பத்தாவது, பன்னிரண்டாவது, அதன்பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களை இந்த விதி வெளியே நிறுத்திவிடும், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பி.எட். மார்க்கை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைக்கு வாங்குவதைவிடக் குறைவு.

எனக்கு வாய்த்த ஒரு வசதி உங்களுக்கு இல்லை. நான் படித்தபோது கல்லூரி உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே, பாரிமுனையில் இருந்தது. 1891-இல் தொடங்கிய கல்லூரி. தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம், மத்தியானம் வகுப்பு இல்லையென்றால் சுவர் தாண்டி கோர்ட்டுக்குள் போய் உட்காரலாம். 2018-இல் அதைப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஒன்று கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்தில், மற்றொன்று திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூரில். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்து, ஹைகோர்ட் வாசலிலேயே ஸ்டேஷனும் இருக்கிற இந்தக் காலத்தில், வடசென்னைப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்த கல்லூரி மட்டும் இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறாத கோபம். கொடுங்கையூரிலிருந்து பார்த்தால் பட்டரைப்பெரும்புதூர்தான் தேவலை. வியாசர்பாடி ஜீவாவிலோ பெரம்பூரிலோ ஏறினால் மின்சார ரயில் திருவள்ளூரில் இறக்கிவிடும், அங்கிருந்து பஸ். போகும் வழியில் ஒரு பேர் ஆக்ட், அதாவது உரை எதுவும் இல்லாமல் சட்டத்தை மட்டும் அச்சடித்த புத்தகம், படித்துவிடலாம். புதுப்பாக்கம் என்றால் நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவது. கவுன்சலிங்கில் உட்காரும்போது இதை நினைவில் வையுங்கள்.

வேலையை விடாமல் படிக்க முடியுமா? முடியாது. விதிப்படி வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, அதுவும் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில். 70 சதவீத வருகை வேண்டும் என்பதும் விதி. உங்கள் பள்ளி நேரமும் அதேதான். தபால் வழி எல்.எல்.பி.க்கு அங்கீகாரமே கிடையாது. இதனால்தான் ஆந்திரா, கர்நாடகா ஏஜென்ட்டுகளுக்கு இங்கே இவ்வளவு வியாபாரம். பணத்தைக் கட்டு, பரீட்சைக்கு மட்டும் வா, அட்டென்டன்ஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அந்த மாநிலங்களில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லவில்லை. போகாமல் வாங்குகிற டிகிரியைத்தான் வேண்டாம் என்கிறேன். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு, கேமரா எல்லாம் வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. படிக்கும்போது வேலையில் இருந்தால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளியில் காலை 9 மணிக்குக் கையெழுத்து, அதே நாளில் சித்தூர்ப் பக்கக் கல்லூரியிலும் கையெழுத்து என்று இரண்டு ரெஜிஸ்டர் இருந்தால், பத்து வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அது கிடைக்காது என்று யார் சொல்ல முடியும்? அதைவிடப் பெரிய காரணம், குறுக்கு விசாரணையில் நிற்கும்போது படிக்காதது தெரிந்துவிடும். கட்சிக்காரனுக்குத் தெரியாது. நீதிபதிக்கு இரண்டு நிமிடத்தில் தெரியும்.

டிகிரி வாங்கிய பிறகும் டீச்சர் வேலையும் வக்கீல் தொழிலும் சேர்ந்து ஓடாது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. டாக்டராக இருந்துகொண்டே வக்கீலாகவும் பதிவு கேட்ட ஒருவரின் வழக்கில், இரண்டு குதிரையில் சவாரி கூடாது என்கிற பொருளில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரியில் பகுதிநேரமாக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை பாடம் எடுக்கலாம். வேறு பகுதிநேர வேலை என்றால் மாநில பார் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். வீட்டில் டியூஷன் எடுக்கலாமா என்பதில் சீனியர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் படிக்கும் மூன்று வருடமும் டியூஷன் எடுத்தேன், என்ரோல் செய்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

என்ரோல்மென்ட் செலவு முன்பு பயமுறுத்துகிற மாதிரி இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் என்று வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பாரம் குறைந்தது. பதிவு செய்த பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது, குறிப்பு எழுதாத பேர் ஆக்டை உள்ளே கொண்டுபோகலாம், பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் தேறினால் போதும். பத்தாவது விடைத்தாள் திருத்திய கைக்கு அது ஒரு பொருட்டல்ல.

கஷ்டம் அதன்பிறகுதான் ஆரம்பிக்கும். படிப்பு மூன்று வருடம் என்று எண்ணி வீட்டில் கணக்குப் போடாதீர்கள், ஆறு வருடம் என்று போடுங்கள். என் சீனியர் முதல் வருடம் மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார், அதுவும் சில மாதம் தள்ளிப்போகும். 2024-இல் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. காகிதத்தில் இருக்கிறது. பாரிமுனைச் சேம்பர்களில் நான் பார்த்தவரை, கேட்டு வாங்குகிற தெம்பு உள்ளவர்களுக்குக் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு இன்னும் பேட்டாதான். நான் சொந்தமாகக் கேஸ் எடுத்து, வாங்கிய சம்பளத்தைத் திரும்பத் தொட்டது நாலாவது வருடத்தில். என் கணவருக்கு மாதச் சம்பளம் இருந்ததால் தாங்கியது. இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடா, உங்கள் ஒரு சம்பளத்தில் ஓடுகிற வீடா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒரு சம்பளம் என்றால், குறைந்தது ஒன்றரை வருடச் செலவுக்குக் கையில் இல்லாமல் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடிதம் பற்றி ஒரு விஷயம். நான் வேலையை விட்டபோது என் கடைசிச் சம்பளம் 12,000. பள்ளி அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டி, "பாக்கி ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று வாயைத் திறந்தேன். "அதெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு டீச்சர், உங்களுக்குக் கிடையாது" என்றார்கள். அப்போது சட்டம் தெரியாது, ஆனால் ஏதோ ஒரு பிடிவாதத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். தொழிலாளர் சட்ட வகுப்பில் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது, பணிக்கொடைச் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தம் ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு, 14 வருடம்: 96,923 ரூபாய். வகுப்பிலேயே நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையில் மனுப் போட்டேன். தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லியே இழுத்தார்கள். 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பணம் வந்தது, வட்டியோடு. நான் வாதாடிய முதல் பெரிய வழக்கு என்னுடையதுதான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்கள் போய் நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டாலும் உங்கள் 13 வருடத்துக்கான அந்த 15 நாள் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அது உங்கள் முதல் வருடச் செலவு. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி அந்தச் சாக்பீஸ் கேள்வி. டீச்சராக இருந்ததால் எனக்கு நன்றாகப் பேச வரும், கோர்ட்டில் அது கைகொடுக்கும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். முதலில் என் காலை வாரியதே அதுதான். முதன்முதலில் தனியாக நின்றது, போலீஸ் பிடித்து வைத்திருந்த ஒரு ஷேர் ஆட்டோவைத் திரும்பக் கேட்கும் மனு. ஆட்டோக்காரரின் குடும்ப நிலைமை, எண்ணூர் நெடுஞ்சாலையில் நடந்தது என்ன, ஆர்.சி. யார் பேரில், எல்லாவற்றையும் ஆதியோடு அந்தமாக விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, "மேடம், பிரேயர் என்ன?" என்றார், அதாவது என்ன உத்தரவு கேட்கிறீர்கள் என்று. எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வெளியே வந்ததும் சீனியர், என்னைவிட நாலு வயது சின்னவர், மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க பாடம் நடத்துனீங்க. அவர் பாடம் கேக்க வரல. அவருக்கு இன்னைக்கு எண்பது கேஸ்." வகுப்பில் நாற்பது நிமிடம் நம்முடையது. கோர்ட்டில் நமக்கு ஒரு நிமிடம், அதுவும் அவர் கொடுத்தால். கேட்டதற்குப் பதில், பிறகு வாயை மூடுவது என்று பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

குறுக்கு விசாரணை இன்னும் மோசம். பிள்ளைகளிடம் 'ஏன்?' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த நாக்கு நம்முடையது. நல்ல டீச்சர் ஏன் என்று கேட்பாள், பிள்ளை யோசித்துச் சொல்லும். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் ஏன் என்று கேட்டால் அவர் நம்மைக் குழியில் தள்ளுகிற பதிலைச் சாவகாசமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். ஆமாம், இல்லை என்பதற்கு மேல் இடமே கொடுக்காத கேள்விகளாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பார்த்தால், நாம் மட்டம் என்று ஒதுக்குகிற ஒரு மார்க் சரியா தவறா கேள்வித்தாள் தயாரிக்கிற வேலை அது.

பதினாலு வருடம் எனக்கு உதவியது வேறு இடத்தில், நான் எதிர்பாராத இடத்தில். புளியந்தோப்புப் பையன் ஒருவன், ஆளைக் காட்டிக் கொடுக்காத அளவுக்கு விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். போன் பறித்த வழக்கு. சம்பவம் ஜூலை மாதம். ரிமாண்டில் போலீஸ் எழுதிய வயது 18, பள்ளிக்கூடத்தில் இருந்து வாங்கி வைத்த பிறந்த தேதி ஜூன் 1. அதன்படி பதினெட்டு முடிந்து ஒரு மாதம் சொச்சம். பெரியவர்களோடு ஜெயிலா, கெல்லீஸில் சிறார் குழுமமா என்பது அந்த ஒரு மாதத்தில் தொங்குகிறது. அம்மா மீன் அரிகிறவர், பேப்பர் ஒன்றும் இல்லை, திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "ஆடி மாசம் பொறந்தான் டீச்சர். கோயிலுக்குக் கூழ் ஊத்தச்சொல்ல வலி எடுத்துச்சு." வேறு வக்கீலாக இருந்தால் அந்த ஆடியைக் கடந்து போயிருப்பார்.

எனக்கு அந்த ஜூன் 1 உறுத்தியது. ஏனென்றால் அந்தத் தேதியை நானே பல பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். அட்மிஷன் நாளில் அம்மாமார்கள் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், சர்டிபிகேட் இருக்காது, ஆவணியில் பிறந்தது, ஆடியில் பிறந்தது என்பார்கள். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வருடம் காக்க வைக்க மனசில்லாமல் ஜூன் 1 என்று போட்டுவிடுவோம். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தோம். அந்தப் பையன் படித்த பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரைக் குழுமம் மூலமாக வரவழைத்தேன். நீலக் கோடு போட்ட நீளத் தாள், ஓரம் கரையான் அரித்திருந்தது. அந்தப் பக்கத்தில் 22 பிள்ளைகள், அதில் 9 பேர் ஜூன் 1-இல் பிறந்தவர்கள், எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை. ஆதாரம் என்ற கட்டத்தில் ஒன்பது பேருக்கும் 'பெற்றோர் கூற்று'.

சட்டம் இங்கே நமக்குச் சுலபமாக இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 94-ஆம் பிரிவு, வயதுக்குப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றை அல்லது பத்தாவது சான்றிதழைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆனால் எந்த ஆதாரத்தை வைத்து எழுதினார்கள் என்று தெரியாத பள்ளிப் பதிவுக்குப் பெரிய மதிப்பில்லை என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, வடசென்னையில் பாதிப் பேர் அங்கேதானே பிறந்தோம். அம்மாவின் பெயரும் ஆடி மாதமும் வைத்துத் தேடி மாநகராட்சிப் பதிவை எடுத்தோம். ஆகஸ்ட் முதல் வாரம். குழுமம் அதை ஏற்றுக்கொண்டது, பையனுக்குச் சம்பவத்தன்று பதினெட்டு முடியவில்லை. எல்லா வழக்கிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன், ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். இதே வயது விஷயம் போக்சோ வழக்கில் பெண் பிள்ளை பக்கம் நிற்கும்போது தலைகீழாக வரும். டி.சி.யை மட்டும் வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி ரெஜிஸ்டர் எப்படி எழுதப்படுகிறது, எங்கே பொய்யாகும், எங்கே நம்பலாம் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உங்கள் 13 வருடமும் அப்படித்தான் உதவும். மேடைப் பேச்சாக உதவாது.

பிள்ளைகள் பேசுவதைக் கேட்கிற காதும் அப்படித்தான். பயந்த பிள்ளை முதலில் சொல்வது பாதிதான், அடுத்த கேள்வியை உடனே கேட்டால் அந்தப் பாதியும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த சட்டப் புத்தகத்திலும் அதைப் படிக்க முடியாது.

ஏரியா பிள்ளைகளுக்காக நிற்க வேண்டும் என்றீர்கள். அதற்கு டிகிரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் வடகோட்டைச் சாலையில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்டத் தன்னார்வலர்களாக ஆசிரியர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பது 1987-ஆம் வருடச் சட்டம். வியாசர்பாடியில் பத்து வீட்டில் கேளுங்கள், ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது, டி.சி. ஃபீஸ் வசூலிக்கிற கருவி இல்லை என்று நம் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதையும் ஜூன் மாதத்தில் நாலு அம்மாக்களுக்குச் சொல்லிப் பாருங்கள், உங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவியும். உங்கள் பள்ளி நிர்வாகம் அதை ரசிக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அப்படி அலைந்து பார்த்த பிறகும் இந்த வேலை பிடித்திருந்தால் எல்.எல்.பி.க்குப் போங்கள். நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தால், நுழைவு நிலைத் தேர்வுக்கே மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மேயில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு வயது வரம்பும் உண்டு, உங்கள் வயதுக்கு அந்தக் கதவை எண்ணி இறங்க வேண்டாம். சொத்து வழக்கு, கம்பெனிச் சட்டம் பக்கம் வருமானம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் போனதில்லை.

படிப்பு கஷ்டமா என்றால், பழகிவிடும். என்னோடு படித்தவர்களில் தேர்வைத் தமிழிலேயே எழுதியவர்கள் உண்டு, கீழ்க்கோர்ட்டில் தமிழிலேயே வாதாடலாம், உயர் நீதிமன்றத்தில்தான் ஆங்கிலம். நீங்கள் ஒரு விஷயத்தில் என்னைவிட அதிர்ஷ்டசாலி. நான் இந்திய தண்டனைச் சட்டத்தை உருப்போட்டு முடித்து ஏழு வருடத்தில், 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டமும் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று நாக்கு பழகியிருக்கிறது, இப்போது 103. எனக்கு இன்னும் 302 என்றுதான் முதலில் வரும். நீங்கள் நேராகப் புதியதையே படிக்கலாம். தவிர, நாம் போகிற கல்லூரிக்குப் பெயர் கொடுத்த அம்பேத்கரே 1918-இல் பம்பாயில் கல்லூரி வாத்தியார் வேலையில் சேர்ந்து, 1923-இல் அங்கேயே வக்கீல் தொழிலைத் தொடங்கியவர்தான். முதல் நாள் வகுப்பில் வயசு உறுத்தினால் நினைத்துக்கொள்ளுங்கள், நான் நினைத்தேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தனியார் பள்ளிகளில் பலர் டீச்சர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுடையது அங்கே இருந்தால், படிக்கப்போகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் வேறு காரணம் சொல்லித் திரும்ப வாங்குங்கள். வாங்கியதும் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி, ஆதார் நாலையும் வரிசையாக வைத்து இனிஷியலைப் பாருங்கள். சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியலும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியலுமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. என்ரோல்மென்ட் கவுன்ட்டரில் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் சரிசெய்து வருவதற்குள் என்னோடு படித்தவர்கள் ஒரு பேட்ச் முன்னால் கோட் போட்டுவிட்டார்கள்.